விட்டுப் போனவருக்கு ஓர் இலை

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் வரையில் செல்லும் ரயில் பாதை சுமார் 60 கிலோமீட்டர் நீளந்தான். ஆனால் அந்தப் பாதையில் அடங்கியிருக்கும் மதங்களை எண்ணிப் பார்த்தால், சர்வமத மகாநாடு கூட்டுகிறவர்கள் வேறு ஊர் தேட வேண்டியதில்லை என்று தோன்றும். ஸ்ரீவைகுண்டமும் ஆழ்வார்திருநகரியும் வைஷ்ணவ க்ஷேத்திரங்கள். அடுத்த ஸ்டேஷன் நாசரேத், பிராடஸ்டண்டு கிறிஸ்தவர்களின் ஊர். பிறகு இஸ்லாமியர் நிறைந்த காயல்பட்டினம். கடைசியில் இறங்கினால் செந்திலாண்டவன் சந்நிதி. கடற்கரை ஓரமாக வடக்கே வீரபாண்டியன்பட்டினத்திலும் தெற்கே மணப்பாட்டிலும், பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இந்தக் கரைக்கு வந்த நாள் முதல் வேரூன்றிய கத்தோலிக்கர்கள். அத்தனை மதத்தாரும் ஒரே தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து, ஒரே உப்புக் காற்றைச் சுவாசித்து வருகிறார்கள்.

இந்த ஊர்களின் பக்தர்களைப் பற்றி எழுதியவர்கள் அநேகர். இந்த வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்டிருப்பது வேறு வகையினரைப் பற்றி. கட்டுப்பாடு மிகுந்த ஒரு மதத்திலே பிறந்து வளர்ந்து, பிறகு மனச்சாட்சி இடங்கொடாமல் அதை விட்டு வெளியே வந்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றி.

சில நேயர்கள் இதற்குள் புருவத்தை நெரிக்கக்கூடும். "இது நாஸ்திகப் பிரசாரமா?" என்று ஒரு சாராரும், "சுற்றி வளைத்து ஆஸ்திகப் பிரசாரம் செய்யப் போகிறாரா?" என்று மற்றொரு சாராரும் சந்தேகிக்கலாம். இரண்டும் இல்லை. கடவுள் உண்டா இல்லையா என்பது ஆயிரக்கணக்கான வருஷங்களாக வாய்தா மேல் வாய்தாவாக நடந்துவரும் வழக்கு. அதை இரண்டு பக்கக் கட்டுரையில் தீர்த்து வைக்கும் துணிவு நமக்குக் கிடையாது. நாம் கேட்பது அதைக் காட்டிலும் சின்னக் கேள்வி. மதத்தை விட்டு வந்த மனிதன் மறுநாள் காலையில் யாருடைய கிணற்றில் தண்ணீர் எடுப்பான்? எந்தப் பந்தியில் உட்காருவான்? அவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கடைசியில் அவனைத் தூக்கிச் செல்ல நாலு பேர் எங்கிருந்து வருவார்கள்?

கேள்வி சின்னதாயினும் விடை சுலபமானதல்ல. நம் ஜில்லாவின் சரித்திரத்தில் இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் பலர் உண்டு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக விடை கண்டார்கள். அவர்களில் மூவரையும், நம் ஜில்லாவுக்கு வெளியே ஒருவரையும் பார்த்தால் நமக்குச் சில விஷயங்கள் தெளிவாகும்.

முதலில், விடுவது என்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை முதலூர் என்ற கிராமத்தின் பெயரே சொல்லும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கத்தில் கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய குடும்பங்கள் தங்கள் சொந்த ஊரில் குடியிருக்க முடியவில்லை. அவ்வளவு உபத்திரவம். ஆகவே, தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் முயற்சியால் 1799-இல் தனியாக நிலம் வாங்கி ஒரு குடியிருப்பு ஏற்படுத்தினார்கள். கிறிஸ்தவர்களுக்கென்று எழுந்த முதல் ஊர் ஆகையால் முதலூர் என்று பெயரிட்டார்கள். ஆலோசித்துப் பாருங்கள். மனத்திலே ஏற்பட்ட ஒரு மாறுதலுக்காக ஒரு கிராமத்தையே புதிதாக நிர்மாணிக்க வேண்டியிருந்தது! பழைய நாளில் மதம் என்பது நெஞ்சுக்குள் இருக்கும் நம்பிக்கை மாத்திரம் அல்ல. அதுவே தெரு, அதுவே கிணறு, அதுவே சுடுகாடு. ஒன்றை விட்டவன் எல்லாவற்றையும் விட வேண்டியதாயிற்று.

1833-ஆம் வருஷம் மாசி மாதத்தில் திருச்செந்தூர்க் கடற்கரைக்கு ஒருவர் வந்தார். திருவிதாங்கூர்ச் சீமையில், இப்பொழுது சாமித்தோப்பு என்று வழங்கும் ஊரைச் சேர்ந்தவர். முத்துக்குட்டி என்று பெயர். கடலுக்குள் இறங்கிச் சென்றவர் மூன்றாம் நாள் வைகுண்டராக வெளிவந்தார் என்பது அவருடைய வழியைப் பின்பற்றும் மக்களின் நம்பிக்கை. மாசி 20-ஆம் தேதியை அவர்கள் அவதார தினமாக இன்றும் கொண்டாடுகிறார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு அவர் செய்த காரியங்களை. அந்நாளில் திருவிதாங்கூரில் ஏழைச் சாதியார் தலைப்பாகை கட்டக் கூடாது. அவர், தலைப்பாகை கட்டிக்கொண்டே தெய்வத்தை வணங்குங்கள் என்றார். சில கிணறுகள் பக்கம் அவர்கள் போகக் கூடாது. அவர் முத்திரிக்கிணறு என்ற பொதுக் கிணற்றை ஏற்படுத்தி, எல்லாச் சாதியாரையும் அதில் நீராடச் செய்து, சேர்ந்து உண்ணச் செய்தார். திருவிதாங்கூர் சர்க்கார் அவரைச் சிறையில் வைத்துப் பார்த்தது, ஜனங்கள் கலையவில்லை. பழைய கட்டுத்திட்டங்களை உதறியவர், தம்மோடு வந்தவர்களுக்கு முதலில் கொடுத்தது தத்துவ விளக்கமல்ல, தாகத்துக்குத் தண்ணீர் என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு இருபத்து நாலு வருஷத்துக்குப் பின் நாசரேத்துக்கு அருகில் மூக்குப்பீறியில், பிரகாசபுரம் என்று வழங்கும் இடத்தில், மற்றொரு சம்பவம் நடந்தது. அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை மிஷன் ஊழியத்தில் உபதேசியாராக இருந்தவர், நல்ல படிப்பாளி, ரோஷக்காரர். அந்தக் காலத்து மிஷன் கிராமங்களில் கட்டுப்பாடு பலமாக இருந்தது. மணி அடித்தால் ஜெபத்துக்குக் கூட வேண்டும். பிணக்கு வந்தால் பாதிரியாரே பஞ்சாயத்தார். நாசரேத்தில் இருந்த ஐரோப்பியப் பாதிரியாருக்கும் சட்டம்பிள்ளைக்கும் ஒத்துப்போகவில்லை, வேலை போயிற்று. 1849-இல் கால்டுவெல் எழுதிய ஓர் ஆங்கிலப் புத்தகம் நாடார் சமூகத்தைத் தாழ்த்திப் பேசியது வேறு அவர் நெஞ்சைச் சுட்டது. வேதம் கொண்டுவந்தவர் என்பதற்காக ஒருவர் நம்மை இழிவாகப் பேசலாமா என்று அவர் கேட்டார். கேட்டதோடு நிற்கவும் இல்லை.

1857-ஆம் வருஷம். வடக்கே சிப்பாய்களின் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த அதே வருஷத்தில், தெற்கே இந்தப் பனங்காட்டுப் பூமியில் சட்டம்பிள்ளை வெள்ளைக்காரப் பாதிரிகளின் ஆதிக்கத்தை உதறி ஒரு சுதேசி சபையை ஸ்தாபித்தார். ஹிந்து கிறிஸ்தவ சபை என்று அதற்குப் பெயர். நாட்டார் சபை என்றும் ஜனங்கள் சொன்னார்கள். கிறிஸ்துவை அவர்கள் விடவில்லை. கிறிஸ்துவுக்கும் தங்களுக்கும் நடுவில் நின்ற துரைமாரை விட்டார்கள். வெளிநாட்டுப் பணமும் வெளிநாட்டு உத்தரவும் இல்லாமல் தங்கள் வழிபாட்டைத் தாங்களே நடத்திக் காட்டினார்கள். காங்கிரஸ் மகாசபை தோன்றுவதற்கு இருபத்தெட்டு வருஷம் முன்பே இந்த ஜில்லாவின் கிராம ஜனங்கள் இவ்வளவு தன்மானத்தோடு ஒரு ஸ்தாபனத்தைக் கட்டினார்கள் என்பது நாம் எல்லோரும், எந்த மதத்தாராயினும், பெருமைப்படத்தக்க விஷயம்.

ஆனால் இந்தக் கதையில் இன்னொரு பாகமும் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். புதிய சபை, ஐரோப்பியருடைய வழக்கங்களைத் தள்ளிவிட்டு, பழைய ஏற்பாட்டு நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகச் சனிக்கிழமை ஓய்வு நாள். நற்கருணையில் புளித்த திராட்சமதுவுக்குப் பதிலாகப் புளிக்காத ரசம். யூதருடைய பண்டிகைகளைப் போன்ற பண்டிகைகள். ஒரு கண்டிப்பை விட்டு வந்தவர்கள் அதனிலும் நுணுக்கமான மற்றொரு கண்டிப்புக்குள் புகுந்தார்கள். இதில் ஆச்சரியம் இல்லை. கட்டுப்பாட்டில் வளர்ந்தவனுக்குக் கட்டுப்பாடே ஆரோக்கியமாகத் தோன்றும். நெடுங்காலம் பல்லக்குச் சுமந்தவன் சும்மா நடக்கும்போதும் தோளைச் சாய்த்துக்கொண்டே நடப்பானாம்.

இந்த வியாதி மதத்தை மாற்றிக்கொண்டவர்களுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். மதமே வேண்டாம் என்று வந்தவர்களையும் அது பிடிக்கிறது. நேற்றுவரை விபூதியில்லாத நெற்றியைக் கண்டு சீறியவர், இன்று விபூதியுள்ள நெற்றியைக் கண்டு சீறுகிறார். பிரசங்கம் மாறிற்று, தொண்டை மாறவில்லை. வெளியே வந்தும் அவர் உள்ளேயே இருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாமவர் வேறு மாதிரி. திருநெல்வேலிக்குச் சமீபத்தில் கரையிருப்பு என்ற ஊரில், ஆசாரமான வைஷ்ணவ வேளாளர் குடும்பத்தில், 1827-இல் பிறந்தவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. கம்பராமாயணத்தில் ஊறிய வித்துவான். சாயர்புரத்து மிஷன் பாடசாலைக்குத் தமிழ் உபாத்தியாயராகச் சென்றவர், பல வருஷ மனப் போராட்டத்துக்குப் பின் 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஆசார சீலமான வீட்டில் அது எப்படிப்பட்ட புயலைக் கிளப்பியிருக்கும் என்பதை நாம் வருணிக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர் எதை விட்டார், எதை விடவில்லை என்பதைக் கவனியுங்கள். திருமண்ணை விட்டார், கம்பனை விடவில்லை. ஜான் பனியன் என்ற ஆங்கிலேயர் எழுதிய மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. அந்தப் பனியனே இங்கிலாந்தின் அரசாங்கத் திருச்சபைக்குப் புறம்பாகப் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு வருஷம் சிறையில் கிடந்தவர். விட்டு வந்த ஓர் ஆங்கிலேயரின் கதையை, விட்டு வந்த ஒரு தமிழர், தாம் விட்டு வந்த வீட்டிலே கற்ற விருத்தப் பாக்களில் பாடினார்! கிறிஸ்தவக் கம்பர் என்று தமிழுலகம் அவரை அழைத்தது. மதத்தை விடுகிறவன் தாய் பாடிய தாலாட்டையும் சேர்த்து விட்டுவிட வேண்டும் என்று எந்த சாஸ்திரத்திலும் இல்லை. பொங்கல் பானையும், ஆடிப்பெருக்கும், பாட்டி சொன்ன கதையும் எந்தச் சபையின் தனிச் சொத்தும் அல்ல. விட்டு வந்தவர்கள் கிருஷ்ண பிள்ளையிடம் இதைக் கற்கலாம்.

இவையெல்லாம் பழங்கதை, இப்பொழுதெல்லாம் யார் யாரை விலக்குகிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்காக, நாம் அறிந்த ஒரு விஷயத்தைச் சொல்லுகிறோம். நம்மிடம் படித்த ஒரு பையன், கெட்டிக்காரன். அவன் குடும்பம் மிகக் கண்டிப்பான ஒரு சிறு கூட்டத்தைச் சேர்ந்தது. எந்த மதத்தின் கிளை என்று சொல்லப் போவதில்லை. எல்லா மதத்திலும் அப்படிப்பட்ட கிளைகள் இருக்கின்றன. சினிமா கூடாது, பள்ளிக்கூட நாடகம் கூடாது, கூட்டத்தைச் சேராதவர் வீட்டுக் கல்யாணத்தில் கை நனைக்கக் கூடாது. பையன் வெளியூருக்குப் படிக்கப் போனான், படித்தான், யோசித்தான். இருபத்து நாலாவது வயதில், "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, இருப்பதுபோல் நடிக்கவும் மாட்டேன்" என்று தகப்பனாரிடம் சொல்லிவிட்டான். விலகினவனோடு வீட்டாரும் உடன் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பது அந்தக் கூட்டத்தின் விதி. அன்று முதல் அவன் ஊருக்கு வந்தால் புறவாசல் திண்ணையில் தனி இலை. "எய்யா, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு தாயார் பக்கத்தில் நிற்பாள். அவன் கிளம்பிப் போன பிறகுதான் அவள் சாப்பிடுவாள்.

ஒருநாள் அவன் நம்மைத் தேடி வந்தான். கடவுளைப் பற்றி வாதம் செய்ய வந்திருக்கிறான் என்று எதிர்பார்த்தோம். அவனோ, "ஸார், சாமி உண்டா இல்லையாங்கிறதிலே எனக்குத் தூக்கம் கெடலை. அடுத்த மாசம் அக்காவுக்குக் கல்யாணம். நான் எங்கே நிக்கிறதுன்னுதான் தெரியலை" என்றான். அதற்கு நம் புஸ்தகங்களில் பதில் இல்லை.

கல்யாணத்தன்று அவன் பந்தலுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு பலசரக்குக் கடையின் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். முதல் பந்தி ஆரம்பமாயிற்று. அவனுடைய தாய்மாமன், அந்தக் கூட்டத்தில் முக்கியஸ்தர், தலை நரைத்தவர், இரண்டு இலைகளைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார். ஓர் இலையை மருமகனுக்குப் போட்டார். மற்றொன்றைத் தமக்குப் போட்டுக்கொண்டார். பரிமாறுகிறவர்கள் திகைத்து நின்றார்கள். "ஏன் நிக்கிய? ரெண்டு பேருக்கும் சோறு போடுங்க" என்றார். அவ்வளவுதான், வேறொன்றும் பேசவில்லை. அதற்காக மூன்று மாதம் கூட்டத்தார் அவரைத் தள்ளி வைத்தார்கள். தம்முடைய நம்பிக்கையை அந்த மூன்று மாதத்திலும் அவர் விடவில்லை; வீட்டில் தனியாக ஜெபம் செய்துகொண்டிருந்தார். பிறகு கூட்டத்தார் தாமாகவே வந்து அழைத்துக்கொண்டார்கள்.

அந்த இளைஞன் பின்னால் நம்மிடம் சொன்ன ஒரு விஷயம் இங்கே பொருந்தும். கூட்டத்தை விட்டதில் அவனுக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் உறுத்துகிறதாம். அந்தக் கூட்டத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால் பொழுது சாய்வதற்குள் மூன்று வீட்டிலிருந்து கஞ்சி வந்துவிடும். நகரத்திலே அவன் டைபாய்டில் படுத்தபோது, அவனைப் போலவே சுதந்திரமாகச் சிந்திக்கும் சிநேகிதர்கள் இருபது பேர் இருந்தும், கஞ்சி மட்டும் வரவில்லை. எல்லோரும் போனில் நலம் விசாரித்தார்கள்! ஆகவே இப்பொழுது அவன் ஒரு காரியம் செய்கிறான். தனியாக அறை எடுத்து வசிக்கும் தெரிந்தவர்கள் யாராவது நோயாகப் படுத்தால், சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். "விட்டு வந்த இடத்தில் இருந்த நல்லதை மட்டும் திருடிக்கொண்டு வந்துவிட்டேன், ஸார்" என்றான். இப்படிப்பட்ட திருட்டு இன்னும் அதிகமாக நடக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

ஒரு மதத்தை விட்டு இன்னொன்றில் சேராமலே ஒருவன் ஜன சமூகத்தோடு கூடி வாழ முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஆந்திர தேசத்துக் கோபராஜு ராமச்சந்திர ராவ். கோரா என்றால் எல்லோருக்கும் தெரியும். 1902-இல் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர்; தாவர சாஸ்திர ஆசிரியர். நாஸ்திகர் என்ற காரணத்துக்காக 1933-இல் காக்கிநாடாவில் கல்லூரி உத்தியோகம் போயிற்று. 1940-இல் கிருஷ்ணா ஜில்லாவில் முதுநூர் என்ற கிராமத்தில் நாஸ்திக நிலையத்தை ஸ்தாபித்தார். அங்கே அவர் நடத்திய முக்கியமான காரியங்களில் ஒன்று சமபந்தி போஜனம். தீண்டாமை என்ற கொடுமையைப் பிரசங்கத்தால் அல்லாமல் பந்தியால் ஒழிக்க முயன்றார்.

அவருக்கும் மகாத்மா காந்திக்கும் ஏற்பட்ட சிநேகம் நம் தேச சரித்திரத்தில் ஓர் அழகான அத்தியாயம். ராம நாமத்தை உயிராகக் கொண்டவர் ஒருவர்; கடவுளே இல்லை என்பவர் ஒருவர். காந்தி அவரை மாற்றப் பார்க்கவில்லை, விலக்கவும் இல்லை. கோரா தம் மகளை ஹரிஜன இளைஞர் ஒருவருக்கு மணம் செய்துவைக்கத் தீர்மானித்தபோது, கல்யாணத்தைச் சேவாகிராமத்தில் தாமே நடத்தி வைப்பதாகக் காந்தி சம்மதித்தார். மணமக்கள் கடவுள் பெயரால் பிரமாணம் செய்ய வேண்டாம், சத்தியத்தின் பெயரால் செய்யலாம் என்றும் ஏற்றுக்கொண்டார். அதற்குள் 1948 ஜனவரி 30 வந்துவிட்டது. ஆயினும் அந்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் சேவாகிராமத்திலேயே, காந்தி இல்லாமல், அந்தக் கல்யாணம் நடந்தேறியது. பக்தர் தம் பக்தியில் ஓர் அணுவும் குறையாமல், நாஸ்திகர் தம் கொள்கையில் ஓர் அணுவும் குறையாமல், இருவரும் ஒரே மணப்பந்தலை ஒப்புக்கொண்டார்கள். நம் ஊர்த் தாய்மாமன் கையிலே எடுத்துவந்த இலைக்கும் அந்தப் பந்தலுக்கும் நாம் அதிக வித்தியாசம் காணவில்லை.

இந்தக் காரியத்தில் நம் தேசத்துச் சட்டம் ஜனங்களைவிட வேகமாகவே நடந்து வந்திருக்கிறது. மதத்தை விட்டவனுடைய சொத்துப் பாத்தியதை அதனால் போய்விடாது என்று 1850-ஆம் வருஷத்திலேயே ஒரு சட்டம் ஏற்பட்டது. 1872-இல் வந்த விசேஷ விவாகச் சட்டம் சடங்கில்லாத கல்யாணத்துக்கு வழி திறந்தது. ஆனால் அதில் ஒரு வேடிக்கை. மணமக்கள் இருவரும் தாங்கள் ஹிந்து அல்ல, முஸ்லிம் அல்ல, கிறிஸ்தவர் அல்ல என்று மதங்களை எல்லாம் வரிசையாக மறுத்து எழுதிக்கொடுக்க வேண்டும்! 1954-ஆம் வருஷத்துச் சட்டம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. அவரவர் மதத்தில் இருந்துகொண்டும், இல்லாமலும், முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துக் கல்யாணம் செய்துகொள்ளலாம். புரோகிதர் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இல் தமிழகச் சட்டசபை அங்கீகாரம் அளித்தது. அரசியல் சாசனத்தின் 25-ஆம் ஷரத்து மனச்சாட்சிச் சுதந்திரத்தை எல்லோருக்கும் உறுதி செய்கிறது. நம்புவதற்கு உள்ள சுதந்திரத்தில், நம்பாமல் இருப்பதற்குள்ள சுதந்திரமும் அடங்கியதுதானே?

நம் போன்ற உபாத்தியாயர்களுக்குச் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றும் உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போதும் மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும்போதும் சாதி, மதம் என்ற இடங்களைப் பெற்றோர் விரும்பினால் வெறுமையாக விட்டுவிடலாம் என்று தமிழக அரசாங்கம் 1973-இலேயே உத்தரவிட்டிருக்கிறது. இருந்தும், வெறுமையாக உள்ள கட்டத்தைக் கண்டால் சில ஆபீஸ்களில் ஏதோ பூகம்பம் வந்தது போலக் கலவரப்படுகிறார்கள். திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா, சாதியும் மதமும் அற்றவர் என்ற சான்றிதழை 2019-இல் தாசில்தாரிடமிருந்து பெற்றது பத்திரிகைகளில் பிரபலமாக வெளிவந்தது. பல வருஷம் விண்ணப்பித்த பிறகே அது கிடைத்தது. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி, மதத்தைக் குறிப்பிடாதவர்கள் இந்தியாவில் 28 லட்சத்துக்கு மேல். அவர்கள் எல்லோரும் நாஸ்திகர்கள் அல்லர். கணக்கெடுப்பவரிடம் சொல்ல மறந்தவர்களும் இருப்பார்கள். ஆயினும் அந்தக் கட்டத்தை வேண்டுமென்றே வெறுமையாக விட்டவர்களும் அதில் இருக்கிறார்கள்.

ஆனால் சட்டத்தால் ஆகாத காரியங்கள் சில இருக்கின்றன. சொத்தைச் சட்டம் வாங்கிக் கொடுக்கும்; கல்யாணத்தைப் பதிவு செய்து கொடுக்கும்; சான்றிதழில் முத்திரை வைத்துக் கொடுக்கும். காய்ச்சலுக்குக் கஞ்சி கொண்டுவருவது சட்டத்தின் வேலையல்ல. பாடைக்குத் தோள் கொடுக்கும்படி எந்தக் கோர்ட்டும் உத்தரவிட முடியாது. அவை மனிதருக்கு மனிதர் செய்துகொள்ள வேண்டியவை.

ஆகவே, விட்டு வந்தவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். நீங்கள் விட்டது ஒரு நம்பிக்கையை, ஊரை அல்ல. உங்கள் தெருவில் ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்தால் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். அங்கே மந்திரம் சொன்னால் சொல்லட்டும்; நீங்கள் நாற்காலி எடுத்துப் போடலாம். உங்களுக்கு அநியாயம் செய்தவர்களை மறக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. செய்த அநியாயத்தை அநியாயம் என்றே சொல்லுங்கள். ஆனால் அந்தக் கோபத்தையே புதிய மதமாக்கிக்கொண்டு அதற்குத் தினம் மூன்று வேளை பூஜை செய்ய வேண்டாம். பழைய வீட்டில் கிடைத்த நல்லவைகளை வெட்கப்படாமல் எடுத்துக்கொண்டு, அவற்றை யாருக்கும் கிடைக்கும்படி செய்யுங்கள். அந்தப் பொதுக் கிணற்றை வெட்டினால்தான் உங்கள் விடுதலை பூர்த்தியாகும்.

விடாமல் உள்ளே இருப்பவர்களுக்கோ, அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, அதைவிடச் சுலபமான வேலை. பிள்ளை கோயிலுக்கோ, மசூதிக்கோ, ஆலயத்துக்கோ வர மறுத்தால், நம் பக்தி அதனால் களங்கப்பட்டுவிடாது. அவன் தட்டைத் தனியாக வைத்துத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்றால், அந்த பக்தி மிகவும் நோஞ்சானாக இருக்கிறது என்று அர்த்தம். அவனோடு வாதம் செய்யுங்கள். வேண்டுமானால் அவனுக்காகப் பிரார்த்தனையும் செய்யுங்கள். அது உங்கள் உரிமை. ஆனால் சாப்பாட்டு வேளையில் வாதத்தை நிறுத்திவிட்டு அவனைக் கூப்பிடுங்கள். பயந்து நடிக்கும் பத்துப் பிள்ளைகளை விட, உண்மையைச் சொல்லிவிட்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் ஒரு பிள்ளை வீட்டுக்கு அதிக லாபம்.

வரப்போகிற தை மாதத்தில் பல வீடுகளில் கல்யாணப் பத்திரிகை எழுதுவார்கள். யார் யாருக்கு அனுப்புவது என்று ஜாபிதா போடும்போது, விட்டுப் போன ஒருவருடைய பெயருக்கு நேரே பேனா சற்றுத் தயங்கி நிற்கும். அந்த இடத்தில், "எழுதுங்கள், விலாசம் நான் சொல்கிறேன்" என்று வீட்டிலுள்ள யாராவது ஒருவர் சொன்னால் போதும்.